இருபத்தெட்டாவது நீளம்

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன். ஒரு தண்ணீர் பாட்டில் ஏற்கெனவே போயிற்று.

தெற்காசியப் போட்டிக்கு இன்று தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஒரே ஓர் இடம். ஐந்து வருடமாக இந்தத் தூரத்தில் என்னை எவளும் முந்தியதில்லை. இன்று ஒருத்தி முந்திவிட்டாள். கோயம்புத்தூர்ப் பெண், பெயர் மிதுலா, வயது பதினைந்து, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். அவளுக்கு 17 நிமிடம் 22 வினாடி. எனக்கு 17:34.

எல்லாம் வளர்மதியால்.

ஆயிரத்து ஐந்நூறு என்றால் ஐம்பது மீட்டர் குளத்தில் முப்பது நீளம். பாதிக்கு மேல் மூளை வேலை செய்யாது, எண்ணிக்கை தவறிப்போகும். அதனால் எதிர்முனையில் நமக்கென்று ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். நாம் அங்கே போய்த் திரும்பும்போதெல்லாம், இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்று போர்டைத் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டுவார். எனக்கு அந்த ஆள் வளர்மதி. பத்து வருடம் பக்கத்து லேனில் நீந்தியவள். தோள்பட்டை போய், போன வருடம் நீச்சலை விட்டுவிட்டு, நடுவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தேழு முடித்துத் திரும்பியபோது போர்டில் மூன்று இருந்திருக்க வேண்டும். ஒன்று இருந்தது. கடைசி நீளம் என்று நினைத்து நீந்தி, இருபத்தெட்டில் சுவரைத் தொட்டு நின்றுவிட்டேன். பயிற்சியாளர் தாமோதரன் சார் கரையில் ஓடிவந்து, "போ! போ! இன்னும் நூறு இருக்கு!" என்று கத்தினார். மறுபடி கிளம்பினேன். நின்றது பதினோரு வினாடி. அதைக் கழித்தால் 17:23. வேகம் அறுந்து மறுபடி கிளம்பியதையும் கழித்தால் இன்னும் குறையும். இருபது தடவை கழித்துப் பார்த்துவிட்டேன்.

கரையேறியதும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "போர்டுல ஒண்ணுன்னு காட்டுனா" என்றேன். வளர்மதி போர்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் இருக்கிறதல்லவா அவளுக்கு?

ஏப்ரல் 13, திங்கள்

பத்திரிகைக்காரர்களைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும். "கடல்மகளின் கண்ணீர்" என்று போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி, பெயர் பெனிட்டா மச்சாது என்றதும் இவர்களுக்கு வலையும் வள்ளமும் கண்முன் வந்துவிடுகின்றன. என் அப்பா உப்புக் கிடங்கில் எடை எழுத்தர். சாகும்வரை கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நான் நீச்சலுக்குப் போனதே வீசிங்குக்காக. ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், குளோரின் குளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முதல்முதலாகக் கடலில் கால் வைத்தது பதினொன்றாம் வயதில், கோயில் பிக்னிக்கில். அலையைப் பார்த்து அலறினேன். அதைப் போடுவார்களா?

நான் அழவும் இல்லை. அது நீச்சல் கண்ணாடிக்குள் போன தண்ணீர்.

அம்மா காலையிலிருந்து ஒரே பாட்டு. "ஏளா, வளரு எண்ணத் தெரியாத புள்ளயா? மார்க்கெட்டுக்குப் போனா அவதான எனக்கு மனக்கணக்குப் போட்டுச் சொல்லுவா."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"நான் எப்பளா அப்படிச் சொன்னேன்? நீ எதுக்கு இப்படிக் குதிக்க?"

இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து மாங்காய்ப் பச்சடி வந்தது. வேப்பம்பூவைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16, வியாழன்

தாமோதரன் சார் இன்று ஒரு கேள்வி கேட்டார். கேட்டவிதம் பிடிக்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மணி உனக்குக் கேக்கலையாம்மா?"

முதலில் வருகிறவளுக்கு இன்னும் நூறு மீட்டர் பாக்கி இருக்கும்போது மணி அடிப்பார்கள். பெரிய பித்தளை மணி. மிதுலாவுக்காக அடித்தார்கள். நான் சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்னால். குளத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டதாம். வாசலில் சுண்டல் விற்கிறவருக்கும் கேட்டிருக்கும்.

"காதுல தண்ணி சார்" என்றேன்.

"அப்படியா" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. எட்டு நானூறு மீட்டர் கொடுத்தார். எட்டையும் முடித்தேன். ஏழாவதில் வாந்தி வந்தது, விழுங்கிவிட்டு நீந்தினேன். காது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறார் போல. நினைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 18, சனி

மறுதேர்வு கேட்டு நான் எழுதிக் கொடுத்த புகாரின் மேல் விசாரணை. நீச்சல் சங்க அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், வேர்வையைத் துடைப்பதும் டீ குடிப்பதுமாக. விதிப்படி எண்ணிக்கை நீந்துகிறவள் பொறுப்பு, போர்டு ஓர் உதவி மட்டும்தான் என்று செயலாளர் ஆரம்பித்தார். அதுவரை நான் தோற்றேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வளர்மதியைக் கூப்பிட்டார்கள்.

அவள் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். "என் கவனக்குறைவால் தவறான எண்ணைக் காட்டிவிட்டேன். இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது." கீழே கையெழுத்து. பத்தாம் வகுப்பில் போட்டுக்கொண்டிருந்த அதே கையெழுத்து, மதியின் தியில் ஒரு சுழி.

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. மே 3-ஆம் தேதி எனக்கு மட்டும் மறுதேர்வு. தனியாக நீந்த வேண்டும். 17:22-க்குள் வந்தால் இடம் எனக்கு, வராவிட்டால் மிதுலாவுக்கு. வளர்மதி இரண்டு வருடத்துக்கு எந்தப் போட்டியிலும் எந்த வேலையும் பார்க்கக் கூடாது.

வெளியே வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "தோளுக்கு ஐஸ் வெக்கிறியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

கேட்டது கிடைத்துவிட்டது, நான் சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து குக்கர் மூடியைச் சுவரில் எறிந்தேன். அம்மா அதை எடுத்துக் கழுவி வைத்தாள். யார் இவளை ஒத்துக்கொள்ளச் சொன்னது? சண்டை போட்டிருக்கலாமே. நான் தயாராகப் போயிருந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

ரயில்வே பார்சல் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சம்பத் அண்ணன், யாரோ ஒரு பெண்ணின் அப்பா எடுத்த வீடியோ என்று வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். எதிர்முனையிலிருந்து எடுத்ததாம். "போர்டு பளிச்சுன்னு தெரியுது பாரும்மா, அந்தப் பொண்ணோட வண்டவாளம்" என்று கீழே எழுதியிருக்கிறார். அவரும் முழுதாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பதினேழு நிமிடம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அழித்துவிட்டேன். போனில் இடமில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

காலை ஆறு கிலோமீட்டர், மாலை நான்கு. அரிசிச் சோறு நிறுத்தம். முட்டையின் வெள்ளைக்கரு ஏழு. இந்த நாற்றம் ஜென்மத்துக்கும் போகாது.

ஒன்று எழுதித்தான் ஆக வேண்டும். வேகம் கூடியிருக்கிறது. தண்ணீரில் இறங்கியதும் யாரையாவது திட்டிக்கொண்டே நீந்துகிறேன். முதல் ஐந்நூறு செயலாளரை, அடுத்த ஐந்நூறு பத்திரிகைக்காரனை. கடைசி ஐந்நூறில் வேறு யார் முகமோ வரப் பார்க்கிறது. அதற்குள் சுவர் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ராயபுரம் போய் வளர்மதியைப் பார்த்தேன். என்ன பேசினோம் என்று எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நான் போனது அவளைத் திட்டுவதற்கு. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் நைட்டியை உதறிக்கொண்டே, "இன்னாடி, வழி தெரிஞ்சிதா?" என்றாள்.

"ஏன்டி கையெழுத்துப் போட்ட?"

"நீ கேட்டது கெடச்சிதுல்ல? போய் நீந்து."

"நீ தப்பாக் காட்டினியா, இல்லையா?"

நைட்டிக்குக் கிளிப் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மூணு காட்டினேன். நீ பாத்த. போர்டப் பாத்த, அப்புறம் என்னப் பாத்த. அதுக்கப்புறந்தான் டர்ன் அடிச்ச."

கொடியில் ஒரு கிளிப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள்.

"நான் இல்லேன்னு சொன்னா வீடியோவ நோண்டுவானுங்க. உன் வேல, பேரு, மெடலு எல்லாத்தியும் நாறடிப்பானுங்க. என்கிட்ட போறதுக்கு இன்னா கீது? ஒரு பரீட்ச. முப்பதாம் தேதி. ஹால் டிக்கெட்ட திருப்பி வாங்கிக்கினாங்க, அத்தோட முடிஞ்சிது."

"உன்ன யாரு தியாகம் பண்ணச் சொன்னா?" என்று கத்தினேன். பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த யாரோ ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நிக்கணும்னு எனக்கும் தோணிகீதுடி. எந்த லூசுக்குத்தான் தோணாது? அந்தப் பொண்ணு உன்னத் தாண்டினப்பவே பாத்தேன், உன் கை வீச்சே ஒடஞ்சி போச்சி. நின்னத நான் தப்புன்னே சொல்லல." வாளியைக் கையில் எடுத்தாள். "என் தலையில ஏன் போட்ட?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கீழே இறங்கி வந்துவிட்டேன். அவளுடைய அம்மா டீ போட்டு வைத்திருந்தார்கள், குடிக்கவில்லை.

மிதுலா என்னைத் தாண்டியது இருபத்தைந்தாவது நீளத்தில். அவள் உதைத்த நுரை என் வாய்க்குள் போயிற்று. இதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 30, வியாழன்

காலை ஆறு கிலோமீட்டர். பத்து மணிக்கு ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தேன். பரீட்சை ஆரம்பித்திருக்கும். மத்தியானம் ஒரு மணிக்கும் பார்த்தேன். யாரோ கோழிக்குஞ்சுப் பெட்டி அனுப்ப வந்து ரசீதுக்குக் காத்திருந்தார்கள், அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

மே 2, சனி

உடம்பெல்லாம் மழித்தாயிற்று. பெரிய போட்டிக்கு முந்தின நாள் கையும் காலும் மழித்துக்கொள்வது எங்கள் வழக்கம். தண்ணீர் தோலில் வழுக்கிக்கொண்டு போகும். முதுகில் எனக்கு எட்டாத இடத்தை எப்போதும் வளர்மதிதான் மழித்துவிடுவாள். இன்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கை நடுங்குதுளா" என்றாள்.

"பரவால்ல, இழும்மா."

இரண்டு இடத்தில் கீறிவிட்டாள். குளோரினில் எரியும். எரியட்டும்.

மே 3, ஞாயிறு

17:16.4.

என் வாழ்க்கையிலேயே இதுதான் அதிக வேகம். காலை எட்டு மணி வெயிலில், பக்கத்தில் யாரும் இல்லாமல், மற்ற ஏழு லேனும் காலியாகக் கிடந்த குளத்தில். சங்கமே ஓர் ஆளை எதிர்முனையில் உட்காரவைத்தது. அவருடைய போர்டை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானே எண்ணினேன். இருபத்தைந்தில் கை ஈயமாகிவிட்டது. தேர்வன்றும் இப்படித்தான் இருந்தது. இருபத்தெட்டில் சுவர் வந்தபோது, பிடித்துக்கொள் என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. சீ என்று உதைத்துத் திரும்பினேன். நின்றிருக்கவே வேண்டாம், அன்றைக்கும் இப்படித் திரும்பியிருக்கலாம் என்று புரிந்ததும் அடுத்த நூறு மீட்டரை வெறியில் நீந்தினேன். தண்ணீருக்குள் கெட்ட வார்த்தைகளாகக் கத்தியிருக்கிறேன், தொண்டை கட்டிவிட்டது.

மேலே ஏறியதும் துண்டு, கைதட்டல், செயலாளர் கையில் லட்டு டப்பா. தாமோதரன் சார் கண்ணைத் துடைத்தார். அம்மா ஜெபமாலையை முத்தமிட்டாள். இரண்டு கேமராக்கள் வந்திருந்தன.

மிதுலாவும் வந்திருந்தாள். அவளுடைய அப்பாவோடு ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள், என்னுடைய நீச்சலைப் பார்ப்பதற்கு. அவள் முகத்தை நான் பார்க்காமலிருக்க முயன்றேன். நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருக்கிறாள், மூக்கு சிவந்திருந்தது. ஆனாலும் சிரித்தாள், கம்பி தெரிய.

"சூப்பருங்க்கா" என்றாள். "அன்னைக்கு அந்தக்கா மட்டும் சரியாக் காட்டியிருந்தாங்கன்னா, நீங்க அன்னைக்கே என்னைய ஜெயிச்சிருப்பீங்க, இல்லீங்க்கா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்று சொன்னால் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பாள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். லட்டு பாதி வாய்க்குள் இருந்தது.

"இல்ல" என்றேன்.

"இல்லீங்களா?"

"அவ மூணுன்னுதான் காட்டுனா. நான் பாத்தேன். மணியும் கேட்டுச்சு. நீ தாண்டிப் போனப்புறம் இனிமே முடியாதுன்னு நானாத்தான் நின்னேன்."

தாமோதரன் சார் என் தோளைப் பிடித்தார். "களைப்புல உளர்றா சார், வெயில்" என்று செயலாளரிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, "பேசாம இரும்மா, கும்புட்டுக் கேக்குறேன்" என்றார். மணியைப் பற்றி அன்று கேட்டபோதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எட்டு நானூறு கொடுத்திருக்கிறார். அவர்மேல் வந்த கோபத்தில் இன்னொரு தடவை சொன்னேன், கேமராவுக்குக் கேட்கிற மாதிரி.

லட்டு டப்பாவை யாரோ மூடிவிட்டார்கள்.

மே 6, புதன்

எனக்கு ஒரு வருடத் தடை. 17:16.4 செல்லாது. மிதுலா போகிறாள். வளர்மதி மேல் போட்ட தடை ரத்து. ஆபீஸில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகையில் "கடல்மகளின் கபடம்." கடலை விடமாட்டேன் என்கிறார்கள் பாவிகள்.

சம்பத் அண்ணன் என்னைப் பார்க்காமல் ஃபைலை நகர்த்திவைக்கிறார். அம்மா மூன்று நாளாகப் பேசவில்லை. இன்று குழம்பைத் தாளித்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "அந்தப் புள்ள எத்தன நாள் நம்ம வீட்டுல தின்னுருக்கும். எப்படிளா மனசு வந்துச்சு உனக்கு?"

தெரியவில்லை, அம்மா. அன்று கரையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், வாயில் அதுதான் வந்தது. சொன்ன பிறகு அது நிஜம் என்றே நான் கோபப்பட ஆரம்பித்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

ராயபுரம். கையில் எதையும் வாங்கிக்கொண்டு போகவில்லை. பழம் வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இருக்கும்.

வளர்மதி கதவைத் திறந்து, உள்ளே கூப்பிடாமல் நிலைப்படியிலேயே நின்றாள். பத்து வருடத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. தோள்பட்டை போனபோதுகூடச் சிரித்துக்கொண்டுதான் ஊசி போட்டுக்கொண்டாள். இன்று கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உன் தடையத்தான் எடுத்துட்டாங்களேடி" என்றேன். எனக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

"அடுத்த பரீட்ச எப்போ தெரியுமா? ரெண்டு வருசம் களிச்சி. ஞாயித்துக்கெழம நீ மாடிக்கு வந்தல்ல? முப்பதுக்கு நாலு நாள் இருந்துச்சி. உன் கையிலதான இருந்துச்சி. அப்ப சொல்லிருந்தா நான் எளுதிருப்பேன்."

"அப்ப எனக்குத் தைரியம் வரல, வளரு."

"தைரியமா?" என்று கத்தினாள். "நீ மொதல்ல டைம் போட்ட. உன்னால முடியும்னு எல்லாருக்கும் காமிச்சிட்ட. அதுக்கப்புறம் உண்மையச் சொல்லி நல்லவளும் ஆயிட்ட. அன்னிக்கி டைம் வரலன்னு வெச்சிக்கோ. சொல்லிருப்பியா நீ?"

பதிலைக் கேட்பதற்கு அவள் நிற்கவில்லை. கதவைச் சாத்திவிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். அவள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, 17:25 வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கரையேறியிருப்பேன், துண்டைப் போர்த்திக்கொண்டிருப்பேன், மிதுலா வந்து கையைப் பிடித்து அதையேதான் கேட்டிருப்பாள்.

சொல்லியிருக்க மாட்டேன்.